“தடுப்பூசி பாதுகாப்பானதா?” என்று கேட்காதீர்கள்

தடுப்பூசி பற்றிப் பெற்றோரின் மனப்பாங்கை அறிய யாழ்ப்பாணத்தில் வினாக்கொத்தோடு இறங்குகிற மாணவர்கள் முதலில் ஒரு சொல்லில்தான் வழுக்குகிறார்கள். ஊசியால் தீங்கு வருமா என்று அறியக் கேட்கும் ஆங்கிலக் கேள்வி தமிழில் ‘தடுப்பூசி பாதுகாப்பானது’ என்று ஆகிவிடுகிறது. கோப்பாயிலோ கரவெட்டியிலோ ஒரு தாய் அதை எப்படி விளங்கிக்கொள்வார்? பிள்ளைக்கு வருத்தம் வராமல் காக்கும் என்றுதான். “ஓம், பாதுகாப்புத்தானே” என்பார். ‘முற்றாக உடன்படுகிறேன்’ பெட்டியில் சரி போட்டு, பக்கவிளைவு பற்றிய பயமே இல்லை என்று முடிவு எழுதிவிடுவோம்.

அதே தாயிடம் “போன ஊசி போட்ட அன்று இரவு பிள்ளை எப்படி இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். “நல்லாக் காய்ச்சல் காய்ஞ்சது, தொடை கல்லு மாதிரித் தடிச்சுப் போச்சு. அடுத்ததைக் கொஞ்சம் பிந்திப் போடுவம் எண்டு அம்மா சொன்னவ.” ஆய்வுக்கு வேண்டிய எல்லாம் இந்த இரண்டு வரியில் இருக்கிறது: அனுபவம், பயம், வீட்டில் யார் முடிவெடுக்கிறார் என்பது, பிந்துவதற்கான காரணம். ‘முற்றாக உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றாக மறுக்கிறேன்’ வரை போகும் ஐந்து புள்ளி அளவுகோலில் இதில் ஒன்றும் விழாது.

நோய்ப் பெயர்களும் அப்படித்தான். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்து ‘தட்டம்மை’ என்று கேட்டால், பலர் அம்மாள் வருத்தத்தை (சின்னம்மையை) நினைத்துப் பதில் சொல்வார்கள். இங்கே அது சின்னமுத்து. கக்குவான் இங்கே குக்கல். ரெட்டனஸ் ஏற்புவலி. வினாக்கொத்தை அச்சடிக்க முன்னர் எட்டுப் பத்துத் தாய்மாரிடம் வாசித்துக் காட்டி, “இதை உங்கட சொல்லில சொல்லுங்கோ” என்று கேளுங்கள். ஒரு பின்னேர வேலைதான். இதைச் செய்யாமல் எடுக்கும் நானூறு மாதிரியும் வீண்.

அடுத்தது, கேட்பவர் யார்? கிளினிக் வாங்கிலில் வைத்து, குடும்பநல உத்தியோகத்தர் காதில் விழக் கேட்டால், எந்தத் தாயும் “எனக்குப் பயம்” என்று சொல்லமாட்டார். பிள்ளையின் நிறை பார்ப்பவரும் வீடு தேடி வருபவரும் அவர்தானே. வீட்டில் வைத்துக் கேளுங்கள், சீருடையில்லாத ஒருவரை அனுப்புங்கள். அம்மம்மா இருந்தால் அவரையும் கதைக்க விடுங்கள். கனடாவில், லண்டனில் இருக்கும் சொந்தங்கள் வட்சப்பில் அனுப்புகிற வீடியோக்கள் பற்றித் தனிக் கேள்வி வையுங்கள்.

பெயர்ப்பட்டியலை கிளினிக் பதிவேட்டிலிருந்து மட்டும் எடுத்தால், தனியாரிடம் ஊசி போடுபவர்களும் அண்மையில் குடிவந்தவர்களும் தவறிப்போவார்கள். நாம் தேடுகிற தயக்கம் அங்கேயே இருக்கலாம். எத்தனை பேரிடம் கேட்பது என்பதற்கு, வழக்கமான சூத்திரம் தரும் 384 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதும் பிழை. ஒவ்வொருவரையும் தனித்தனியே குலுக்கலில் எடுப்பதுபோல் தெரியும் எளிய எழுமாற்று மாதிரிக்குத்தான் அது பொருந்தும். கிராம சேவகர் பிரிவுகளைக் கொத்தாகத் தெரிந்தால், ஒரே பிரிவில் இருப்பவர்களின் பதில்கள் ஒத்திருக்கும் என்பதால் மாதிரியைப் பெருக்கவேண்டிய மடங்கை, அதாவது வடிவமைப்பு விளைவை, 2 என்று எடுத்தாலே 768 வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ‘போட்டாயிற்றா’ என்பதோடு நிறுத்தக்கூடாது. இங்கே அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஊசி போட்டவர்கள்தான். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை வாங்கித் திகதியைப் பாருங்கள். 9 மாதம் முடிந்ததும் போடவேண்டிய, சின்னமுத்தையும் தடுக்கும் எம்எம்ஆர் ஊசி 12 மாதம் முடிந்தே போடப்பட்டிருந்தாலும் கணக்கில் ‘போட்டாயிற்று’ என்றுதான் வரும். அந்த மூன்று மாதமும் பிள்ளை சின்னமுத்துக்குத் திறந்தபடி இருந்தது. 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த இலங்கையில் 2023இல் அது திரும்பப் பரவியது. பிந்திய நாட்களை எண்ணிப் பதியுங்கள். பிறகு காரணம் கேளுங்கள்: பிள்ளைக்குச் சளித் தடிமனா, பயமா, நெடுந்தீவிலிருந்து வர வள்ளம் இல்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு.

பயத்தை ‘அறியாமை’ என்ற தலைப்பின் கீழ் எழுதுவதை தயவுசெய்து விடுங்கள். ஐந்து நோய்களை ஒரே ஊசியில் தடுக்கும் ஐங்கூட்டு ஊசி இங்கே 2008 ஜனவரியில் தொடங்கி, சில குழந்தைகளின் மரணம் அறிக்கையிடப்பட்டதால் ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஆராய்ந்த பிறகே 2010இல் மீண்டும் வந்தது. அரசாங்கமே நிறுத்தி யோசித்த ஊசியைப் பற்றித் தாய் யோசித்தால் அது அறியாமையா?

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க ஆறாம் வகுப்பில் போடும் எச்பிவி ஊசியின் சம்மதப் படிவத்திலும் இதே நிலைதான். கருப்பை என்ற சொல்லைக் கண்டதும் பெற்றோர் கேட்பது இரண்டு: ஏன் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்? பின்னுக்குப் பிள்ளை பிறக்கிறதில பிரச்சினை வருமா? இந்த இரண்டையும் வினாக்கொத்தில் அதே சொற்களில் வையுங்கள். வருகிற பதில்களை ஆய்வேட்டில் பூட்டிவைக்காமல் அந்தந்தப் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதக் கிளினிக்கில் அந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுக்கப் போகிறவர் அவர்.