'நெர்வ்' நம் நரம்பிலிருந்து பிறந்ததல்ல

ஆங்கில 'நெர்வ்', தமிழ் 'நரம்பு'விலிருந்து பிறந்தது என்ற செய்தி சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தேக்காவில் தேநீர் அருந்தும்போது ஒரு நண்பரும் பெருமிதத்தோடு காட்டினார். அது தவறு.

'நெர்வ்' இலத்தீன் 'நெர்வுஸ்' வழி வந்தது. கிரேக்க 'நியூரோன்' அதன் உறவு. இரண்டுக்கும் முதற்பொருள் தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்), வில்நாண். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்க மருத்துவர் ஹீரோஃபிலஸ் பிணங்களை அறுத்து ஆராய்ந்த காலத்தில்தான் உணர்வு கடத்தும் இழைகள் தனியே அடையாளம் காணப்பட்டன.

நரம்போ திராவிடச் சொல்: கன்னடத்தில் 'நர', மலையாளத்தில் 'ஞரம்பு'. தொல்காப்பியத்தில் அது யாழின் தந்தி. புறநானூறு 278 முதியவளின் தோளை "நரம்பெழுந்து உலறிய" என்கிறது. அப்படித் தோலுக்கு மேல் புடைப்பதை இன்றைய மருத்துவர் சிரை, அதாவது இரத்தக் குழாய், என்பார். ஒலி ஒற்றுமை தற்செயல். இலத்தீன் 'நெர்வுஸ்', தமிழ் 'நரம்பு' இரண்டும் இசைக்கருவியின் தந்தியைக் குறித்தன என்பதே எனக்கு அதைவிட அழகாகத் தோன்றுகிறது.