மருத்துவக் காப்பீட்டில் மறக்கப்பட்ட பெயர்
கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் எல்லோருக்கும் அரசே கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், மாகாண முதல்வராக இருந்த டாமி டக்ளஸின் தனிச் சாதனை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கனவு அவருடையது, சரி. ஆனால் 1961-இல் அவர் கனடாவின் தேசிய அரசியலுக்குப் போனதும் பாரம் முழுக்க உட்ரோ லாயிட் தலையில்தான் விழுந்தது. பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1944 முதல் 16 ஆண்டுகள் கல்வி அமைச்சர், அப்புறம் நிதி, கடைசியில் மாகாண முதல்வர். 1962 ஜூலை 1 அன்று திட்டம் தொடங்கிய அதே நாளில், அதை எதிர்த்து மாகாணத்தின் மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள்! பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்துச் சமாளித்தார்கள். திட்டத்தைக் கைவிடச் சொல்லி வந்த நெருக்கடிக்கு லாயிட் கடைசிவரை பணியவில்லை. 1964 தேர்தலில் அவர் ஆட்சி போனது, ஆனால் புதிதாக ஆட்சிக்கு வந்தவர்களும் திட்டத்தை ஒழிக்கவில்லை. அவர் பெயர் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.