டிஎன்எஃப்-ஐ அடக்கினால் எம்எஸ் குணமாகாது

‘எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைக்கும் நோய்) நோயில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் கூடுகிறது, அதை அடக்க மூட்டுவாதத்துக்குப் போடும் அடாலிமுமாப் ஊசியே போதும்’ என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. முடிவு ஆபத்தானது, தயவுசெய்து யாரும் நம்பி இறங்க வேண்டாம்.

டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் லெனர்செப்ட் மருந்தை எம்எஸ் நோயாளிகளிடமே சோதித்தார்கள். 1999-இல் வெளியான முடிவில், போலி மருந்து பெற்றவர்களைவிட இதைப் பெற்றவர்களுக்கு நோய்த் தாக்குதல் அதிகமாகவும் சீக்கிரமாகவும் வந்திருந்தது. டிஎன்எஃப் புரதத்துக்கு இரண்டு ஏற்பிகள் (செல்களில் அது போய் ஒட்டும் இடங்கள்) உண்டு. முதலாவது பெரும்பாலும் அழற்சியைத் தூண்டும். இரண்டாவது, நரம்பைச் சுற்றியுள்ள, சிதைந்த மயலின் உறை மறுபடி வளர உதவுவதாக எலி ஆய்வுகள் காட்டுகின்றன. அடாலிமுமாப் ஊசி இரண்டின் வேலையையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது.

மூட்டுவாதத்துக்காக இதைப் போடுபவருக்கு ஒரு கண் மங்கினாலோ கைகால் மரத்தாலோ, அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் எம்எஸ் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே.