அம்மாவின் முழங்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை

அம்மாவுக்குப் போன ஆண்டு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். வயது 67. பஸ் படியில் கால் வைத்து ஏற முடியாமல் நான்கைந்து வருடம் ஓட்டியவர். ஊரில் நல்ல பெயருள்ள ஒரு தனியார் மருத்துவமனை. ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று பில் கவுன்டரில் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அறை சுத்தமாக இருந்ததா, சாப்பாடு நேரத்துக்கு வந்ததா, நர்ஸ்கள் கனிவாகப் பேசினார்களா, பார்க்கிங் வசதி எப்படி? எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போட்டேன். உண்மையிலேயே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஏழு மாதம் கழித்து அம்மாவால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. கால் சரியாக மடங்கவில்லை. ராத்திரி புரண்டு படுத்தால் வலி. "பழைய காலே தேவலைன்னு இருக்குது கண்ணு" என்று ஒருநாள் சொன்னபோது எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

இன்னொரு மருத்துவரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, மூட்டு அருமையாகப் பொருந்தியிருக்கிறது என்றார். அறுவையில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு வாரக்கணக்கில் விடாமல் செய்திருக்க வேண்டிய பயிற்சிதான் விட்டுப்போயிருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று ஒரே ஒரு வரி. தையல் பிரித்த நாளோடு அவர்களுக்கும் எங்களுக்கும் இருந்த தொடர்பு முடிந்துவிட்டது. அம்மா வலிக்குப் பயந்து காலை மடக்கவில்லை. வலிக்கிறதே என்று நாங்களும் வற்புறுத்தவில்லை. ஒரு போன் போட்டு "இப்ப எவ்வளவு தூரம் மடங்குதும்மா?" என்று கேட்க ஆளில்லை.

அறுவை செய்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் பணம் கட்டியது அறுவைக்கு. அறுவை நடந்தது, கணக்கு தீர்ந்தது. அம்மா நடக்கிறாரா என்பது அந்தக் கணக்கில் எந்த இடத்திலும் இல்லை. அப்புறம் அதை ஏன் யாராவது விசாரிக்கப் போகிறார்கள்?

மூட்டு மாற்று பற்றி நம் நாட்டில் நடந்த பெரிய விவாதம்கூட விலையைப் பற்றியதுதான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். பல குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றிய நல்ல முடிவு அது. ஆனால் அந்த மூட்டை வைத்துக்கொண்ட எத்தனை பேர் ஆறு மாதம் கழித்து வலியில்லாமல் படியிறங்குகிறார்கள்? இந்தக் கேள்வியை அன்றைக்கும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இங்கிலாந்தில் கேட்கிறார்கள். அங்கே அரசு செலவில் இடுப்பு மூட்டோ முழங்கால் மூட்டோ மாற்றிக்கொள்பவர்களிடம் 2009 ஏப்ரலிலிருந்து அறுவைக்கு முன்னால் ஒரு முறையும், ஆறு மாதம் கழித்து ஒரு முறையும் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்குகிறார்கள். முழங்காலுக்கு 12 கேள்விகள். ராத்திரி படுக்கையில் வலிக்கிறதா? சாப்பிட்டு முடித்து நாற்காலியிலிருந்து எழும்போது எவ்வளவு வலி? மண்டியிட்டு மறுபடி எழ முடிகிறதா? கடைக்குத் தனியாகப் போய்வர முடிகிறதா? படியிறங்க முடிகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 48 மதிப்பெண்; கூடக் கூட கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கேள்விகளைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. அம்மா ஏழு மாதமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. மருத்துவமனை வாரியாக இந்த விவரம் வெளியிடப்படுகிறது. ஸ்வீடன் இன்னும் முந்தி, 1975-லேயே முழங்கால் மாற்றுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதிவேட்டைத் தொடங்கியது. எந்த வகை மூட்டு சீக்கிரம் பழுதாகி மறுபடி அறுவைக்கு வருகிறது என்று அங்கே பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்த எண்ணம் நூறு வருடத்துக்கும் பழையது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் பிறகு தேடிப் போய், சிகிச்சை பலித்ததா, பலிக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதிவைத்து, அதை வெளியே சொல்லவும் வேண்டும் என்றார். அவர் வேலை பார்த்த பெரிய மருத்துவமனை கேட்கவில்லை. 1911-இல் தானே ஒரு சிறிய மருத்துவமனை தொடங்கி, 1916 வரை அங்கே சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் விவரத்தையும், அதில் தாங்கள் செய்த 123 பிழைகளையும் அச்சடித்து வெளியிட்டார். தன் பிழையைத் தானே எண்ணி அச்சில் போட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். 1940-இல் இறந்தபோது கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 2014-இல்தான் வைத்தார்கள்.

இன்று மருத்துவ நிர்வாகக் கருத்தரங்குகளில் 'வேல்யூ பேஸ்டு ஹெல்த்கேர்' என்று பேசப்படுவது இதன் தொடர்ச்சிதான். 2006-இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டைஸ்பெர்க்கும் இதற்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தார்கள். நோயாளிக்குக் கிடைத்த நலனை, அதற்கு ஆன மொத்தச் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவில் 2016 ஏப்ரலில் 67 நகர்ப்பகுதிகளில், முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் மூட்டு மாற்றினால், டிஸ்சார்ஜ் ஆன 90 நாள் வரையிலான செலவுக்கும் தரத்துக்கும் அந்த மருத்துவமனையே பொறுப்பு என்று விதி போட்டார்கள். சேமிப்பு கொஞ்சம்தான், சிக்கல்கள் கூடவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. எனக்குப் பிடித்தது அந்த 90 நாள். ஒருவர் வீட்டுக்குப் போன பிறகும் அவர் நம் நோயாளிதான் என்று 2024 வரை இருந்த அந்த விதி சொன்னது பாருங்கள், அது.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாச்சாரம், இங்கே நடக்காது என்று சொல்லாதீர்கள். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எந்த ஊரில், எந்த நேரத்தில், ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, ரத்தம் எப்போது கிடைத்தது என்று ஒவ்வொரு சாவையும் பிரித்துப் பார்த்து விசாரிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு பல ஆண்டுகளாக வைத்திருக்கிறது. 2001-03-இல் இங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் என்ன ஆனது என்று விடாமல் கேட்டதும் அதில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவைக்குப் பிறகு வரும் சிக்கல்களை மருத்துவர் வாரியாகப் பதிந்து பார்க்கிறார்கள். குறைந்த செலவில் லட்சக்கணக்கான பேருக்குப் பார்வை கொடுத்த இடம், கணக்கு வைப்பதற்கு நேரமில்லை என்று சொல்லவில்லை.

ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலம் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதய பைபாஸ் அறுவையில் இறப்பு விவரத்தை மருத்துவர் வாரியாக வெளியிட்டபோது, பிழைப்பது சந்தேகம் என்று தோன்றும் நோயாளிகளைச் சிலர் தட்டிக்கழிப்பதாகப் புகார் வந்தது. என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, எடை அதிகம். இப்படிப்பட்டவரை எடுத்தால் நம் மதிப்பெண் குறையும் என்று நாளைக்கு ஒரு மருத்துவமனை கைவிரித்தால்? அதனால் நோயாளியின் வயது, உடல்நிலை எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடும் கணக்கு இல்லாமல் இதை இங்கே கொண்டுவரவே கூடாது. ஓட்டை உடைசலான மதிப்பெண் பட்டியல், பட்டியல் இல்லாததைவிட மோசம்.

ஆனால் தொடக்கத்துக்கு மதிப்பெண் பட்டியலே தேவையில்லை. அரசுக் காப்பீடோ தனியார் காப்பீடோ, மூட்டு மாற்றுக்கு ஒதுக்கும் தொகையில் பயிற்சிக்கு உரிய பங்கைத் தனியாகப் பிரித்து, அது நடந்தால்தான் முழுத்தொகை என்று வைக்கலாம். ஆறாவது மாதம் ஒரு போன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். அதே கைகளைக் கொண்டு அறுவை முடித்து வீடு திரும்பியவர்களையும் பார்க்க வைப்பது என்ன பெரிய காரியம்?

போன மாதம் அந்த 12 கேள்விகளையும் தமிழில் எழுதிக்கொண்டு அம்மாவிடம் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் யோசித்து, கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் திருத்தி, பரீட்சை எழுதுவதுபோல் பதில் சொன்னார். இப்போது வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் வருகிறார், தாமதமாகத்தான், ஆனாலும் கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்குகிறது. கூட்டிப் பார்த்தேன், 48-க்கு 21. தாளை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு அம்மா கேட்டார்:

"இதை யாருகிட்ட கண்ணு குடுக்கோணும்?"