எவன் சண்டைக்கோ என் சிலிண்டரில் கணக்கு

2025 செப்டம்பரில் எழுதுகிறேன். இன்று காலை சிலிண்டர் வந்தது. பில்லில் 870 ரூபாயை ஒட்டி ஒரு தொகை, இறக்கிவைத்த தம்பி அதற்கு மேல் 50 கேட்டான். எதுக்குப்பா என்றால் "எல்லாரும் குடுக்கறதுதானுங்க அக்கா" என்கிறான். வந்த ஆத்திரத்தில் அவன் மேல்தான் முதலில் எரிந்து விழுந்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை, வெளியே நின்ற வண்டியைக் கையால் காட்டி "இதுக்கு பெட்ரோல் காசு யாருங்க குடுக்கறா?" என்று மட்டும் கேட்டான். அப்புறம் நான் என்ன பேச? கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் இத்தனை நீளத்துக்கு எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், அதாவது மோட்டார் மிஷினில் பனியன் தைக்கிறவள். ஆகஸ்டு வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, சில நாள் இரவு பத்து மணிக்கு மேலும் உட்கார வைத்தார்கள். இப்போது ஒரு ஷிப்டே வாரத்துக்கு நாலு நாள்தான். சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்தால் எண்ணுவதற்கே வேலையில்லை. கேட்டால் ரஷ்யா-உக்ரைன் போராம். கேஸ் ஏன் ஏறியது? போர். கரண்ட் பில்? போர், நிலக்கரி. ஆர்டர் ஏன் நின்றது? அதுவும் போர்தான். உக்ரைன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எங்கள் லைன் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனால் அந்த ஊர்ச் சண்டைக்கு வாராவாரம் மொய் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சரி, போரால்தான் விலை ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் சண்டை ஓய்ந்து கச்சா எண்ணெய் இறங்கும்போது இறங்க வேண்டுமே? 2014 மே மாதம் ஒரு பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, டெல்லியில் பெட்ரோல் 71 ரூபாய் 41 காசு. இந்த 2025 செப்டம்பரில் பீப்பாய் சராசரியாக 70 டாலருக்குள்தான், தமிழ்நாட்டில் 100 ரூபாய்த் தாளை நீட்டினால் ஒரு லிட்டர் நிறையாது. ரூபாய் மதிப்பு விழுந்துவிட்டது என்று உடனே ஒருவர் விளக்கம் சொல்ல வருவார், வரட்டும், அதையும் சேர்த்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று டாலர் 59 ரூபாய், இந்த 2025 செப்டம்பரில் 88. ஒரு பீப்பாய் அன்று கிட்டத்தட்ட 6,200 ரூபாய், இன்று 6,000 ரூபாய்க்குள்ளேயே வருகிறது. ஏறவே இல்லை ஐயா!

பிறகு எங்கே போகிறது காசு? 2014-இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசின் கலால் வரி 9 ரூபாய் 48 காசு, டீசலுக்கு 3 ரூபாய் 56 காசு. கொரோனா ஊரடங்கில் உலகமே பூட்டிக் கிடந்து எண்ணெயை வாங்க ஆளில்லாமல் போன 2020-இல், ஏப்ரல் மாதம் அமெரிக்கச் சந்தையில் ஒருநாள் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனதே, அந்த நேரத்தில் நமக்கு என்ன செய்தார்கள்? மே மாதம் ஒரே அடியில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை ஏற்றினார்கள். 33 ரூபாயை ஒட்டிப் போய்விட்டது பெட்ரோல் வரி. அப்புறம் கொஞ்சம் குறைத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் 65 டாலருக்கும் கீழே விழுந்ததா, அதே நேரத்தில் மறுபடியும் கலால் வரியில் 2 ரூபாய். பங்க் விலை ஏறாது, மக்களுக்குச் சுமை இல்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். எங்களுக்கு இறங்கியிருக்க வேண்டிய 2 ரூபாயை எடுத்துக்கொண்டுவிட்டு, உன் பையில் கை வைக்கவில்லை என்று சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அதோடு விட்டார்களா, சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றினார்கள். மானியம் நேராக வங்கிக் கணக்கில் விழும் என்றார்களே, 2020 நடுவிலிருந்து என் பாஸ்புக்கில் அந்த வரியையே காணோம்.

சந்தைதான் விலையை முடிவு செய்கிறது, தினமும் காலை மாறும், எங்கள் கையில் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத் தேர்தல் வந்தபோது அந்தச் சந்தை எங்கே போய்ப் படுத்துக்கொண்டது? 2021 நவம்பரிலிருந்து 137 நாள் விலை அசையவில்லை, இடையில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்து பீப்பாய் 130 டாலரைத் தாண்டியும் அசையவில்லை. ஓட்டு எண்ணி முடித்த பிறகு மார்ச் 22-இல் தூக்கம் கலைந்து, 16 நாளில் 10 ரூபாய் ஏறியது. தேர்தல் தேதி பார்த்துத் தூங்கி எழும் சந்தையை இந்த ஊரில்தான் பார்க்கலாம்.

இங்கே 2021-இல் கோட்டைக்கு வந்த தி.மு.க.வும் யோக்கியம் இல்லை. 2021 தேர்தல் அறிக்கையில் சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம் என்று எழுதியிருந்தது, பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்பு என்றும் எழுதியிருந்தது. பெட்ரோலில் 3 குறைத்தார்கள். அந்த 100 ரூபாயை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இடதுசாரிக் கட்சிகளும் அந்தத் தேர்தலில் அந்தக் கூட்டணியில்தான் இருந்தன, எங்கள் தொகுதி எம்.பி.யே கம்யூனிஸ்ட். இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டிருக்கலாமே தோழர் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இப்போது ரஷ்ய எண்ணெய்க்கு வருகிறேன், என் ரத்தம் கொதிப்பது இந்த இடத்தில்தான். போருக்கு முன்னால் நாம் வாங்கிய கச்சாவில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூடக் கிடையாது, அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. மேற்கு நாடுகள் ஒதுக்கிய சரக்கைத் தள்ளுபடியில் அள்ளினார்கள். வாங்கியதில் தப்பில்லை, ஏழை நாடு மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தான் வாங்கும். ஆனால் அந்தத் தள்ளுபடி உங்கள் வண்டிக்கு வந்ததா? குஜராத்தில் ஜாம்நகரிலும் வாடினாரிலும் உள்ள தனியார் ஆலைகள் அதைச் சுத்திகரித்து, டீசலாக்கி, விமான எரிபொருளாக்கி, ரஷ்ய எண்ணெய் வேண்டாம் என்று சொன்ன அதே ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பின. பொதுத்துறை ஆலைகளாவது நமக்குக் கொடுத்தனவா என்றால், இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து 2023-24-இல் 81,000 கோடி ரூபாய் லாபம் காட்டின. வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிகளான பர்மா ஷெல்லையும் எஸ்ஸோவையும் எழுபதுகளில் நாட்டுடைமை ஆக்கியது எதற்கு என்றே மறந்துபோய்விட்டது போலிருக்கிறது. பலகையில் பாரத் என்று எழுதிவிட்டு உள்ளே தனியார் முதலாளி மாதிரியே கணக்குப் பார்த்தால் அது எப்படி மக்கள் சொத்து ஆகும்? நஷ்டம் வந்தால் மட்டும் எங்கள் வரிப்பணத்திலிருந்து 22,000 கோடி, 30,000 கோடி என்று ஈடு போகிறது.

லாபம் இப்படிப் போனதா, தண்டனை யாருக்கு வந்தது? 2025 ஆகஸ்டு 27-ஆம் தேதி ட்ரம்ப், ரஷ்ய எண்ணெய் வாங்கினாய் என்று சொல்லி, ஏற்கெனவே போட்ட 25 சதவீதத்தின் மேல் இன்னொரு 25 சதவீத வரியைப் போட்டார். எதன் மீது? எண்ணெய் வியாபாரிகளின் டீசல் மீதா? பெட்ரோலியப் பொருளுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு! பனியனுக்கு வரி, இறாலுக்கு வரி. திருப்பூர் ஏற்றுமதியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. 2025 செப்டம்பர் நிலவரப்படி வங்கதேசத்துக்கு 20 சதவீதம், வியட்நாமுக்கு 20, நமக்கு 50 என்றால் சரக்கு வாங்கும் எந்த வெளிநாட்டு பையர் இங்கே நிற்பான்? நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கும் சீனாவுக்கு இந்த அபராதத்தைப் போடவில்லை, ரஷ்ய எரிவாயுவை 2025-இலும் கப்பலில் இறக்கிய ஐரோப்பாவுக்கும் போடவில்லை. எண்ணெயை ஒரு சொட்டுகூடக் கண்ணால் பார்க்காத தைத்த பனியனைச் சரிபார்க்கும் எங்கள் செக்கிங் அக்காவுக்கு மூன்று வாரமாக வேலை இல்லை.

உடனே சிலர், சில தோழர்களும்தான், அமெரிக்கா கெட்டவன் அதனால் புதின் நம்மாள் என்று கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது பெரிய கோளாறு. புதின் முன்வரிசைக்கு அனுப்புவது மாஸ்கோ பணக்காரன் மகனையா? புரியாத்தியா, தாகெஸ்தான் என்று ஏழைப்பட்ட ஊர்களிலிருந்து போகிறார்கள், வேலை என்று ஏமாந்து போன இந்தியப் பையன்களே அங்கே செத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் குண்டு விழுந்து சாகிற உக்ரைன்காரனும் நம்மைப் போல் ஷிப்ட் பார்த்தவன்தான். இதே போர் நடந்த 2022-இல் எக்ஸான் என்ற ஒரே எண்ணெய்க் கம்பெனி பார்த்த லாபம் 5,500 கோடி டாலருக்கு மேல், ஷெல் 4,000 கோடியை ஒட்டி. 2024-இல் உலகம் ராணுவத்துக்குச் செலவழித்தது 2.7 லட்சம் கோடி டாலர். இத்தனை பேருக்கு வரும்படி கொடுக்கும் ஒன்றை யார் அவசரப்பட்டு நிறுத்துவார்கள்?

2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் அடித்துக்கொண்டபோது, பாரசீக வளைகுடா வாயிலில் உள்ள ஹோர்முஸ் நீரிணையை மூடிவிடுவார்கள் என்று டிவியில் ஓடியது. நாம் எரிக்கும் சமையல் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் வர வேண்டும். அன்று இரவே பக்கத்து வீட்டு அம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று விறகு வாங்கி வைத்தார். அந்த விறகு இன்னும் வாசலில் கிடக்கிறது. மழைக்கு முன்னால் எடுத்து உள்ளே போடுங்கம்மா என்றேன், இருக்கட்டும் கண்ணு, தேவைப்படும் என்கிறார்.

தீபாவளிக்கு இன்னும் சில வாரம்தான். போனஸ் பேச்சு கம்பெனிக்குள் ஆரம்பித்துவிட்டது, இந்த வருடம் நிலைமை தெரியும்தானே என்று மேனேஜர் இப்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கிறார். சம்பளத்தில் 8.33 சதவீதம் போனஸ் என்பது சட்டம், அதற்குக் கீழே போக முடியாது, ஆனால் போன வருடம் கொடுத்ததில் எவ்வளவு வெட்டுவார்கள் என்றுதான் பேச்சு. கூப்பிட்டு உட்கார வைத்து மறுபடியும் உக்ரைன், ட்ரம்ப் என்று ஆரம்பிக்கட்டும், குறைகிற காசை ஜாம்நகரில் போய் வாங்கிக்கொண்டு வாங்க சார், நாங்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லத்தான் போகிறேன்.