ஒரே ஜோடி ஸ்கீ எல்லாவற்றுக்கும் போதாது

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில், உத்தராகண்டின் அவுலி, காஷ்மீரின் குல்மார்க் பனிச்சறுக்குச் சுற்றுலாவை ஒட்டி, காலில் மாட்டிப் பனியில் வழுக்கிச் செல்லும் பலகையான ஸ்கீ பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: “ஸ்கீ எல்லாம் ஒன்றுதான். பாதத்தைப் பூட்டிவிட்டால் மேடு, பள்ளம், சமதளம் எங்கும் ஓடும்.” இது தவறு. குதிகால் பலகையோடு பூட்டியிருக்கிறதா, விடுபட்டிருக்கிறதா என்பதுதான் வகையைப் பிரிக்கிறது.

சரிவில் இறங்கும் ஆல்பைன் ஸ்கீயில் விரல்முனை, குதிகால் இரண்டும் பூட்டியிருக்கும். திரும்பவும் நிற்கவும் எஃகு விளிம்பு பனியைக் கடிக்கும். விழும்போது கால் முறுகினால் பூட்டு தானே கழல வேண்டும். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடி நீளம், பழக்கம் பார்த்துத்தான் பூட்டு எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்ற எண்ணை வைப்பார்கள். கூட்டி வைத்தால் கழலாது, முழங்கால் தசைநார் கிழியலாம். குறைத்தால் திருப்பத்திலேயே கழன்றுவிடும். நண்பர் வைத்த எண்ணோடு அப்படியே மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சமதளத்துக்கு கிராஸ் கன்ட்ரி. நம் வயலில் பரம்புப் பலகைமேல் ஏறி நின்றால் எடை பரவிச் சேற்றில் புதையாது அல்லவா, ஸ்கீ பனியில் புதையாததும் அதனால்தான். ஆனால் இதை இழுக்க மாடு கிடையாது, காலால்தான் தள்ளிப் போக வேண்டும். அதனால் குதிகால் விடுபட்டே இருக்கும். நடப்பதுபோல் கால்களை நேராக முன்பின் வீசிப் போகும் கிளாசிக் முறைப் பலகை நடுவில் வில்லாக வளைந்திருக்கும். முழு எடையையும் ஒரு காலில் போட்டு அழுத்தினால் அடியிலுள்ள மெழுகோ செதில் வரியோ பனியைப் பற்றும், எடையை எடுத்தால் வழுக்கும். எஃகு விளிம்பு பெரும்பாலும் இல்லாத இதோடு செங்குத்துச் சரிவில் இறங்கினால் நிறுத்துவது கடினம்.

மலையேறி இறங்குபவர்களுக்கு டூரிங் ஸ்கீ: ஏறும்போது பின்னோக்கி வழுக்காமலிருக்க அடியில் ‘ஸ்கின்’ எனும் பட்டையை ஒட்டி குதிகாலை விடுவிப்பார்கள், இறங்கும்போது பட்டையை உரித்துக் குதிகாலைப் பூட்டுவார்கள். நார்வேயில் பிறந்த டெலிமார்க்கில் சரிவிலும் குதிகால் தளர்ந்தே இருக்கும், முழங்காலை மடித்துத் திரும்புவார்கள்.

முதல்முறை அவுலி போகிறவர்கள் ஆல்பைனையே கேட்டு வாங்குங்கள்.