தடுப்பு நரம்பணுக்கள் மூளை அலைகளை அணைப்பதில்லை

“மூளையின் தடுப்பு நரம்பணுக்கள் மூளை அலைகளை அணைத்துவிடுகின்றன, அவற்றை அடக்கினால் காமா அலை பெருகி நினைவாற்றல் கூடும்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு, நடப்பது ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது.

தடுப்பு நரம்பணு ஒன்று காபா என்னும் வேதிப்பொருளை வெளியிட்டதும், அதனோடு இணைந்த ஏராளமான நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் சில மில்லி வினாடிகள் அடங்கிப்போகின்றன. அந்தத் தடை தளர்ந்ததும் அவை ஏறக்குறைய ஒன்றாகவே மின்துடிப்பை எழுப்புகின்றன. அத்துடிப்பு தடுப்பு அணுக்களை மீண்டும் தூண்ட, மறுபடியும் அமைதி. இந்தச் சுற்று 25 மில்லி வினாடிக்கு ஒருமுறை நிகழ்ந்தால், அதுவே வினாடிக்கு 40 முறை எழும் காமா அலை என்னும் வேகமான மூளை அலை. தாளத்தின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது, தடை எவ்வளவு விரைவில் தளர்கிறது என்பதே. ‘தடுப்பு’ என்ற பெயர்தான் பலரையும் குழப்புகிறது போலும்.

எலியின் மூளைத் திசுவில் விரைவான கிளர்வூட்டும் சமிக்ஞைகளை மருந்தால் அடைத்த பிறகும், தடுப்பு அணுக்களின் வலையமைப்பு 40 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 40 முறை) தாளத்தை உண்டாக்கியதை 1995-இல் நேச்சர் என்னும் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. 2009-இல் அதே இதழில் வெளியான இரு ஆய்வுகளில், சுண்டெலிகளின் பார்வால்புமின் (ஒரு புரதம்) கொண்ட வகைத் தடுப்பு அணுக்களை ஒளியால் தூண்டியபோது காமா அலை வலுத்ததும், அவற்றை அடக்கியபோது அது குறைந்ததும் பதிவாகியுள்ளன. இவற்றின் சுருக்கங்களைப் பப்மெட் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்புத் தளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

காபாவின் செயலை அடைக்கும் பைகுகுலின் என்னும் பொருள், ஆய்வகங்களில் விலங்குகளுக்கு வலிப்பைத் தூண்டப் பயன்படுகிறது என்பதையும் கருதி, அச்செய்தியை மேலும் பகிராதிருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.